அழைக்காத வீட்டுக்கு யார் வருவார்கள்?

இதைப் படித்துவிட்டுச் சிலர் என்மீது வருத்தம் கொள்வார்கள் என்பதை அறிவேன். கொள்ளட்டும். அவர்களுள் பாதிப் பேர் என் வீட்டில் உண்டவர்கள். மறுபாதியினர் வீட்டில் நான் உண்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சென்ற தவணையில் பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு மாணவனின் தாயார் வந்திருந்தார். நம் தஞ்சைப் பக்கத்துக்காரர். மகனின் மதிப்பெண்களைப் பேசி முடித்த பின்னும் எழவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். இந்த ஊர்ல எல்லாம் இருக்கு, மனுசங்கதான் இல்ல. வந்து பதினோரு வருசம் ஆச்சு. உள்ளூர் ஆளுங்க ஒருத்தர்கூட எங்க வீட்டுப் படி ஏறினதில்ல."

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். "ஆமாம்மா, இங்கே அவரவர் பாடு அவரவருக்கு" என்று ஒத்தும் ஊதினேன். ஆசிரியராக இருந்துகொண்டு அப்படி ஒத்து ஊதியதற்கு அன்று இரவே வெட்கப்பட்டேன். காரணம் இதுதான்.

அந்த வாரம் தொடக்கநிலை ஐந்து மாணவர்களுக்கு 'என் உயிர்த்தோழன்' என்று கட்டுரை கொடுத்திருந்தேன். வழக்கமான தலைப்பு, வழக்கமான கட்டுரைகளே வரும். வேறொரு குடும்பத்துச் சிறுவன் ஒருவன் நன்றாக எழுதியிருந்தான். மொட்டைமாடியில் பட்டம் விட்டது, மழையில் நனைந்து பாட்டியிடம் வசவு வாங்கியது, ஒரே தட்டில் இருவரும் தயிர்சோறு உண்டது என்று உயிரோட்டமாக இருந்தது. படித்துக்கொண்டே வந்தபின்தான் உறைத்தது: அந்த உயிர்த்தோழன் திருச்சியில் இருக்கும் அவனுடைய அத்தை மகன்! ஆண்டுக்கு இரண்டு வாரம் பார்க்கிற பிள்ளை. "இங்கே உனக்கு நண்பர்கள் இல்லையா?" என்று கேட்டேன். "இருக்காங்க ஆசிரியை. ஆனா அவங்க ஸ்கூல் நண்பர்கள். வீட்டு நண்பர் இல்லை" என்றான்.

வீட்டு நண்பர்! பத்து வயதுப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்த இச்சொல் எந்த அகராதியிலும் இல்லை. பள்ளியோடு நின்றுவிடுகிற நண்பன் ஒரு வகை, வாசல் தாண்டி உள்ளே வந்து, குளிர்பதனப் பெட்டியைத் தானே திறந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கிற நண்பன் இன்னொரு வகை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் ஒரு வயதில் இந்நாட்டுக்கு வந்தவன். இங்கேதான் நடை பழகினான். அவனுக்கு ஒரு வீட்டு நண்பன் இல்லாமற் போனதற்கு யார் பொறுப்பு? 'இந்த ஊரில் மனிதர்கள் இல்லை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா?

நம்முடைய வார இறுதிகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு. ஒரே கல்லூரியில் படித்த நான்கு குடும்பங்கள், அல்லது ஒரே மாவட்டத்து ஆறு குடும்பங்கள். பிரியாணி, பிள்ளைகளுக்கு ஒரு திரைப்படம், ஆண்களுக்குக் கிரிக்கெட். பேச்சு என்ன? நிரந்தரவாச விண்ணப்பம் என்ன ஆயிற்று, எந்தத் தொடக்கப்பள்ளியில் இடம் கிடைக்கும், வாடகை எவ்வளவு ஏறிற்று, சென்னைப் புறநகரில் மனை என்ன விலை. இதில் தவறு ஏதும் இல்லை. நானும் இருபது ஆண்டுகளாக இந்தப் பந்தியில் அமர்ந்து உண்பவள்தான். முதல் குழந்தை பிறந்தபோது பத்திய உணவு சமைத்துக் கொண்டுவந்தவர்கள் இந்தக் குடும்பத்துப் பெண்கள்தாம். நன்றி மறப்பவள் அல்லள். ஆனால், இந்த வட்டத்தின் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருந்தபடி, 'வெளியே யாருமே தட்டவில்லையே' என்று புலம்புவது என்ன நியாயம்?

அந்த அம்மையாரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. "பதினொரு ஆண்டுகளில் நீங்கள் எத்தனை உள்ளூர்க்காரர்களை அழைத்தீர்கள்?" கேட்கவில்லை. அதே கேள்வியை அவர் திருப்பி என்னிடம் கேட்டிருந்தால் நான் விரல்விட்டு எண்ணும்போது ஒரு கை விரல்களே மிஞ்சியிருக்கும் என்பதால்தான் கேட்கவில்லை.

நம் தரப்பு நியாயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஒருதலைப்பட்சம் என்ற பழி வேண்டா. வேலை போனால் அனுமதி அட்டையும் போகும். வாடகை வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டாண்டு. உரிமையாளர் வாடகையை ஏற்றினால் பேட்டை மாற வேண்டும். உள்ளூர் ஆண்கள் பள்ளியிலும் தேசிய சேவையிலும் தம் நட்பு வட்டங்களை அமைத்துக்கொண்டு விடுகிறார்கள். ஒரே கூடாரத்தில் கொசுக்கடி பட்டவர்களின் நடுவே முப்பத்திரண்டு வயதில் வந்து சேருகிறவனுக்கு இடம் கிடைப்பது அரிது. இவை உண்மைகள்.

இன்னோர் உண்மையையும் நாம் பேசத் தயங்குகிறோம். உள்ளூர்த் தமிழர்கள் நம்மிடம் சற்று விலகி நிற்கிறார்கள் என்ற மனக்குறை நம்மிடையே உண்டு. ஏன் விலகுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோமா? 2005ஆம் ஆண்டு இந்தியாவும் சிங்கப்பூரும் செய்துகொண்ட விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமாகிய 'சீக்கா' என்பது இணையத்திலும் தெருவிலும் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. அந்த வசை நம்மீது மட்டும் விழுவதில்லை. மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்து, தேசிய சேவை ஆற்றி, தேசிய நாளில் கொடி கட்டுகிறவரின் மீதும் விழுகிறது. 'உன் நாட்டுக்குத் திரும்பிப் போ' என்று ஒருவன் சொன்னால் அவர் எந்த நாட்டுக்குப் போவார்? நம்மோடு சேர்த்து எண்ணப்படுவதால் அவர் படுகிற அவமானம் நமக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள நட்பு வேண்டும்; அதுதான் இல்லையே!

நாம் செய்வது என்ன? அவர்கள் பேசும் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறோம். நானே கண்டிருக்கிறேன். காலையில் ஓர் உள்ளூர்ப் பெரியவர், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். புதிதாக வந்த இளைஞர் ஒருவர் அதை வீட்டில் நடித்துக் காட்ட, எல்லாரும் சிரித்தார்கள். நான் தமிழாசிரியை, இங்கே கொஞ்சம் வகுப்பெடுக்க அனுமதியுங்கள். 'டிபன் சாப்பிட்டாச்சா' என்பது தமிழா, 'பசியாறிவிட்டீர்களா' என்பது தமிழா? சிராங்கூன் ரோட்டுப் பழைய கடைவீட்டின் முன்னே உள்ள நடைபாதையை இவர்கள் 'அஞ்சடி' என்கிறார்கள். சுண்ணாம்புச் சூளைகள் இருந்த பகுதியைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றும், செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் ஸ்திரீட்டைக் 'கிட்டங்கித் தெரு' என்றும் வழங்கினார்கள். நாட்டைத் தம் மொழியில் பெயரிட்டு அழைக்கும் அளவுக்கு இங்கே வேரூன்றியவர்கள். நாம் வந்து இத்தனை ஆண்டுகளில் ஒரு முடுக்குக்காவது தமிழ்ப்பெயர் வைத்தோமா?

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காட்டினரே. இந்த 2.5க்குள் எத்தனை வேலிகள்! உள்ளூர், வெளியூர்; கொண்டோமினியம், அடுக்குமாடி; ஐயர், ஐயரல்லாதார்; இலங்கை, இந்தியா. போதாக்குறைக்கு 'எந்த ஊர்?' என்ற கேள்வியின் அடியில் ஒளிந்திருக்கும் 'எந்தச் சாதி?' என்ற கேள்வி வேறு. கடல் கடந்தும் கரையாத அழுக்கு அது.

இது புதிய நோய் என்று எண்ணிவிடாதீர்கள். கோ. சாரங்கபாணியை இங்குள்ள நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். பெற்றோர்களாகிய நாம்தான் படிப்பதில்லை. 1903இல் பிறந்து, 1924இல் திருவாரூரிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்தவர். நம்மைப் போலவே ஒரு வந்தேறி, கணக்கு வேலை பார்த்தவர். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். அவர் காலத்தில் சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்றைவிடச் சிதறிக் கிடந்தார்கள். இலங்கைத் தமிழருக்கு 1910 முதலே ஒரு சங்கம். கடையநல்லூர் முஸ்லிம்களுக்கு 1941 முதல் ஒரு சங்கம். துறைமுகத்தில் ஒரு கூட்டம், செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஒரு கூட்டம், நகராட்சிக் குடியிருப்பில் ஒரு கூட்டம். ஊர்ச் சங்கங்கள் செய்த நன்மைகளை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அவரவர் வேலிக்குள் அவரவர்.

அந்த நிலையில்தான் 1952இல் சாரங்கபாணியும் தமிழர் பிரதிநிதித்துவ சபையினரும் பொங்கலையொட்டித் 'தமிழர் திருநாள்' கொண்டாடினார்கள். இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்ற வேறுபாடின்றித் தமிழர் என்ற ஒன்றே சீட்டாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் நோக்கம். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, 'ஊருக்குப் போய்விடுவோம்' என்று காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களிடம் 'பதிவு செய்துகொள்ளுங்கள்' என்று தம் ஏட்டின்வழி மன்றாடினார். அவரோ பெரனாக்கான் சீனப் பெண்மணியை மணந்தவர். தமிழுக்காக உழைத்தவர் வீட்டிலேயே இன்னோர் இனம் இருந்தது! தமிழ்ப்பற்று என்றால் தமிழரல்லாதார் வீட்டுப்படி மிதியாமை என்று பொருள்கொள்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சாரங்கபாணி காலத்தவர்க்குத் திருநாள் எடுத்துக் கூட்டம் கூட்ட வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. பலவகை மனிதரைச் சேர்த்து வைக்கும் வேலையை இங்குள்ள கட்டடங்களே பாதி செய்துவிட்டன. நான் வாழும் தோ பாயோவையே பாருங்கள். 'தோ' என்றால் ஹொக்கியனில் பெரிய. 'பாயோ' என்பது சதுப்புநிலத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் திரிபு. பெரிய சேறு! 1960களில் அந்தச் சேற்றை மேடாக்கி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நகர் எழுப்பியது. கழகம் முழுமையாகத் தானே திட்டமிட்டுக் கட்டிய முதல் நகரம் இதுதான் என்பார்கள். 1972இல் எலிசபெத் அரசியாரே வந்து 53ஆம் புளோக்கின் உச்சியிலிருந்து பார்த்துவிட்டுப் போனார். 1987இல் நாட்டின் முதல் பெருவிரைவு ரயில் ஓடிய ஐந்து நிலையங்களுள் ஒன்று தோ பாயோ. ஆனால் இந்தப் பெருமைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இங்கே யாரும் பூர்வகுடி அல்லர். கம்பங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள், குடிசைகளிலிருந்து வந்தவர்கள், வேற்றுப் பேட்டையிலிருந்து சீட்டுக் குலுக்கலில் வந்து விழுந்தவர்கள். லோரோங் 8இல் இருக்கும் வைராவிமட காளியம்மன்கூட ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கத்திலிருந்து 1980களில் இங்கே குடிபெயர்ந்தவள்தான்! பிரேடல் ரோட்டில் 1977இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலின் பெயர் என்ன தெரியுமா? 'முஹாஜிரின்'. புலம்பெயர்ந்தோர் என்று பொருள். ஊர் முழுவதும் வந்தேறிகளாக இருக்கிற பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, நாம் மட்டும் அயலார் என்று மூக்குச் சிந்துகிறோம்.

இங்கே நட்பு எப்படி உண்டாகிறது? அதற்கென விருந்தோ அழைப்பிதழோ இல்லை. மின்தூக்கியில் ஒருவரை நாற்பது முறை பார்க்கிறோம். நாற்பத்தோராவது முறை அவர் "சாப்பிட்டாச்சா?" என்கிறார். காப்பிக்கடையில் ஒரே மேசையில் இடம் பகிர்கிறோம். நாம் கேட்பதற்கு முன்பே கடைக்காரர் 'தே ஓ கோசோங்' கொண்டுவந்து வைக்கத் தொடங்குகிறார். புளோக்கின் கீழே தூண்களுக்கிடையே திறந்து கிடக்கும் வெற்றுத்தளத்தில் இன்று மலாய்த் திருமணம், நாளை சீனர் இழவு, மறுநாள் முதியவர்களின் சதுரங்கம். 1989 முதல் நடைமுறையில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒரே இனத்தார் ஒரே புளோக்கில் குவிந்துவிடாதபடி வீடுகளைப் பங்கிடுகிறது. அந்தக் கொள்கையில் குறைகள் உண்டு. வீட்டை விற்கப்போகும் சிறுபான்மையினரைக் கேட்டால் தெரியும். எப்படியாயினும் நம் எதிர்வீட்டில் நம்மைப்போல் இல்லாத ஒருவரைக் கொண்டுவந்து வைக்கும் வேலையை அரசாங்கம் செய்துவிட்டது. கதவைத் தட்டும் வேலையையும் அமைச்சே செய்ய வேண்டும் என்று காத்திருக்கிறோமோ?

என் கதையையே சொல்கிறேன். எங்கள் எதிர்வீட்டில் ஒரு சீன மூதாட்டி இருந்தார். அவருக்கு ஆங்கிலம் பத்துச் சொல், எனக்கு ஹொக்கியன் இரண்டு சொல். சீனப் புத்தாண்டுக்கு எங்கள் இரும்புக்கதவில் ஒரு பையில் ஆரஞ்சுகள் தொங்கும். தீபாவளிக்கு நான் ஒரு டப்பாவில் முறுக்கு வைத்து என் மகளிடம் கொடுத்தனுப்புவேன். ஆறு ஆண்டுகள் இப்படியே நடந்தது. ஒருமுறைகூட நானே எடுத்துப் போகவில்லை. எப்போதும் அடுப்பில் ஏதோ வேலை. ஒருநாள் மாலை வெற்றுத்தளத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வட்ட மேசைகள், தட்டுகளில் வேர்க்கடலை, ஊதுவத்தி வாசம். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, கறிவேப்பிலைப் பையோடு ஓரமாக நடந்து மின்தூக்கியில் ஏறிப் போனேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் பந்தலின் நடுவே இருந்த படத்தைப் பார்த்தேன். எதிர்வீட்டு மூதாட்டி.

இரண்டு நாள் அவரைக் கடந்து போயிருக்கிறேன். எதிர்வீட்டில் அத்தனை செருப்புகள் கிடந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

வெள்ளை உறையில் பணம் வைத்துக்கொண்டு போய் அமர்ந்தேன். அவர் மகன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கள்தானே முறுக்கு டீச்சர்?" என்றார். அம்மாவுக்குப் பல் இல்லை, முறுக்கைக் கோப்பியில் ஊறவைத்துத்தான் தின்பார், தீபாவளி எப்போது வரும் என்று கேட்பார் என்றார். பல் இல்லை என்பதே எனக்குத் தெரியாது. ஆறு ஆண்டுகளாகப் பல்லில்லாத பாட்டிக்கு முறுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! 'இந்த ஊரில் மனிதர்கள் இல்லை' என்று அந்தத் தாயார் சொன்னபோது தலையாட்டியவளும் இதே ஆள்தான்.

சரி, மொழி தெரியாத சீனப் பாட்டியை விடுங்கள். மொழி தெரிந்தவர்களிடம் நாம் எப்படி இருக்கிறோம்? இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேக்கா பக்கம் போகாதீர்கள், ஒரே கூட்டம்" என்று புதிதாக வருகிறவர்களுக்கு நாம் அறிவுரை சொல்கிறோம். யார் அந்தக் கூட்டம்? புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், தஞ்சாவூர், கடலூர். நம் மாவட்டங்கள், பெயர்ப்பலகை வைக்காத நம் ஊர்ச் சங்கங்கள். ஆறு நாள் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்துவிட்டு, ஏழாம் நாள் ஒரு புல்தரையில் உட்கார்ந்து பேச வருகிறவர்கள். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள் மனைவி மக்களை அழைத்துவர இயலாது. வெளிநாட்டில் தனிமை என்று பேசத் தகுதி உள்ளவர் யாரேனும் இருந்தால் அவர்கள்தாம். அவர்களோ நம்மைப்போல் புலம்புவதைவிட ஒரு தாளை விரித்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, பக்கத்தில் இருப்பவனுக்கும் ஒரு கை வைக்கிறார்கள். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு காய்கறிப் பையோடு கடக்கிறோம்.

2013 டிசம்பர் 8ஆம் நாள் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு பேருந்தின் அடியில் சிக்கி, புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் இறந்தார். தொடர்ந்து கலவரம் மூண்டது, வாகனங்கள் எரிந்தன. வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. அடுத்த நாள் நம் வீடுகளில் நடந்த பேச்சைத்தான் நினைவூட்டுகிறேன். "நம்ம பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டானுங்க" என்றோம். அலுவலகத்தில் சீன நண்பர்கள் கேட்கும் முன்பே, "அவர்கள் வேறு, நாங்கள் வேறு" என்று முந்திக்கொண்டு விளக்கினோம். இறந்தவருக்காக வருந்தியவர்கள் எத்தனை பேர்? உள்ளூர்த் தமிழர் நம்மிடம் காட்டும் அதே விலகலை, அதே காரணத்துக்காக, நாம் நம் ஊர்த் தொழிலாளியிடம் காட்டினோம். அவர்கள் செய்தால் கர்வம், நாம் செய்தால் தற்காப்பா?

2020இல் கொவிட் பரவியபோது, தங்குவிடுதிகளில் இருந்த மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் அடைபட்டார்கள். அவ்வாண்டு இறுதியில் வெளியான கணக்குப்படி, அவர்களுள் 47 விழுக்காட்டினரைத் தொற்று தொட்டிருந்தது. நாமெல்லாம் வெளியே நடமாடத் தொடங்கி நெடுங்காலம் ஆன பின்னும், 2022 ஜூன் வரை அவர்கள் விடுதியிலிருந்து வெளியேற முன்அனுமதி பெற வேண்டியிருந்தது. அதன் பின்னும் சில காலம், ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரத் தனிச்சீட்டு. அந்த நாள்களில் தொண்டூழியர்கள் பலர், இந்நாட்டுச் சீனரும் மலாய்க்காரரும் உட்பட, உணவும் தொலைபேசி அட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நம்மிலும் சிலர் பணம் அனுப்பினோம். பணம் அனுப்பிவிட்டு, நம் ஊர்ப் பக்கத்தான் ஒருவனுடைய எண்ணை வாங்கி, 'எப்படியப்பா இருக்கிறாய்?' என்று வாரம் ஒருமுறை கேட்டவர்கள் எத்தனை பேர்? நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இவர்களிடம் பேச என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் வினவினார். என்ன இல்லை? 2014இல் வங்காளத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டியில் பின்னர்த் தமிழ்த் தொழிலாளர்களும் எழுதினார்கள். மாதந்தோறும் நடக்கும் கவிமாலைக்கும் வாசகர் வட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். மேலாளர், ஆசிரியர், இல்லத்தரசி, தொழிலாளி எல்லாரும் ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். கவிதைகள் எல்லாம் நன்றாக இருக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். அது வேறு வழக்கு. ஆனால் இந்த ஊரில் தமிழர்கள் 'எந்த அட்டை வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டுக்கொள்ளாமல் கூடும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் இவை அடங்கும்.

திருவள்ளுவர் நட்பைப் பற்றி வரிசையாக ஐந்து அதிகாரங்கள் வைத்திருக்கிறார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. நம்மவர் இரண்டாவதில் வல்லவர்கள். ஊர், கல்லூரி, சம்பளம், குடியிருப்பு எல்லாவற்றையும் ஆராய்ந்து முடித்த பின்பே கைகுலுக்குகிறோம். எனக்குப் பிடித்தது மூன்றாவது. நெடுநாள் பழகியவர் கேட்காமலே உரிமை எடுத்துக்கொள்வதும், அதை நாம் மகிழ்ந்து ஏற்பதும்தான் பழைமை. என் மாணவன் சொன்ன 'வீட்டு நண்பன்' அதுதானே! அதற்குத் தேவையானது காலம். அந்தக் காலத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை. "இன்னும் இரண்டு வருசம், ஊருக்குப் போய்விடுவோம்" என்கிறோம். அந்த அம்மையார் இதைப் பதினொரு ஆண்டுகளாகச் சொல்கிறார். நான் இருபது ஆண்டுகளாக. நாளை கிளம்பப்போகிறவன் யாரிடம் பழகுவான்? கிளம்பவும் மாட்டோம், பழகவும் மாட்டோம். நடுவில் பிள்ளைகள், ஆண்டுக்கு இரண்டு வாரம் கிடைக்கிற அத்தை மகனைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நான் இருபதுக்குப் பதினேழு மதிப்பெண் போட்டேன். எழுத்துப்பிழை மூன்று.

மேடைகளில் கணியன் பூங்குன்றனாரை முழங்கிவிட்டு, இறங்கியதும் 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தத் தஞ்சைப் பக்கத்துத் தாயாரிடம் இருக்கிறது. நேற்று அவரைத் தொலைபேசியில் அழைத்து, சந்திப்பு நாளில் நான் ஆட்டிய தலை பொய் என்று சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கோபித்துக்கொண்டார். "உங்க எதிர்வீட்ல யாரு?" என்று கேட்டேன். "தெரியாது டீச்சர். நாய் ஒண்ணு இருக்கு" என்றார்.

வரும் சனிக்கிழமை மாலை அவரையும் அவர் மகனையும் என் வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். கட்டுரை எழுதிய பையனும் பெற்றோரோடு வருகிறான். எதிர்வீட்டு மகனிடமும் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அதே வயதில் ஒரு பிள்ளை. எல்லாரும் வருவார்களா, வந்தாலும் பேசுவார்களா, எனக்குத் தெரியாது. லோரோங் 6இல் அந்தப் பழைய டிராகன் விளையாட்டிடம் இருக்கிறது. பெரியவர்கள் பேசாவிட்டால் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிடலாம்.

முறுக்கு மாவில் இந்த முறை வெண்ணெய் சற்றுக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.